கடைசியாகப் போனது யார்?

என் சாமி சகாயத்துக்கு,

உன் அக்கா லூர்து எழுதுகிறேன். நீ போய் இரண்டு வருடம் ஆகிவிட்டது. இதுவரை ஒரு வரிகூட எழுதவில்லை. கல்லறைக்கு வந்து பேசிவிட்டுப் போவதோடு சரி. அங்கே நான் பேசப் பேச நீ மறுபேச்சு பேசாமல் இருப்பது எனக்கும் வசதியாகத்தான் இருந்தது. ஆனால் இன்றைக்குச் சொல்ல வேண்டியதை அங்கே நின்று சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் தாளை எடுத்தேன்.

இதை மறைத்து வைக்கப்போவதும் இல்லை. நம் மே வகுப்பில் படித்துப் போன பிள்ளைகள் நடத்துகிற பத்திரிகைக்கே கொடுக்கப்போகிறேன். முப்பது வருடம் மிஷன் பள்ளிக்கூடத்தில் அடுத்தவர் நோட்டில் சிவப்பு மை போட்டவள் நான். இப்போது என் நோட்டை அவர்கள் திருத்தட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. வீட்டுக்குப் பின்னால் இருந்த பெரிய சவுக்கு மரம் போன மழையில் சாய்ந்துவிட்டது. நல்லவேளை, கூரைமேல் விழவில்லை. மிளகுக் கொடி அதோடு போயிற்று. பஸ் நிற்கிற ஒண்டிக்கடை முக்கில் இன்னும் இரண்டு போன் பூத் வந்துவிட்டது. என் முழங்கால் பழையபடிதான். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன், அதுதான் கதையே.

பெரிய செய்தி உனக்கு மேலேயே கேட்டிருக்கும். இந்த மே மாதம் பாலைவனத்தில் மறுபடியும் அணுகுண்டு வெடித்தார்கள். நீ காலேஜில் படித்துக்கொண்டிருந்தபோது முதல் தடவை வெடித்தது நினைவிருக்கிறதா? அன்று நீ ரேடியோவை அணைத்துவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டாய். உனக்கு என்ன காய்ச்சலா என்று அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். இந்தத் தடவை மாதம் முடிவதற்குள் பக்கத்து நாடும் வெடித்துக் காட்டிவிட்டது. கேள்வியும் பதிலும் போல ஆகிவிட்டது, சாமி.

இந்த மே மாதம் நாம் வெடித்த அன்றைக்கு வகுப்பில் பன்னிரண்டு பிள்ளைகள் இருந்தார்கள். சட்டம் படித்தவர்கள், இயற்பியல் படித்தவர்கள், பத்திரிகைக்காரர் இரண்டு பேர். நீ பார்த்துப் பார்த்துச் சேர்ப்பாயே, அதே மாதிரிதான் நானும் சேர்த்திருந்தேன். ரேடியோவில் செய்தி வந்ததும் எழுந்து கை தட்டினார்கள். ஒருத்தன் ஒண்டிக்கடைக்கு ஓடிப்போய் ஜிலேபி வாங்கிவந்தான். எனக்கும் ஒன்று நீட்டினான். நானும் வாங்கித் தின்றேன். அதையும் எழுதிவிடுகிறேன், மறைப்பானேன்.

நீ கடற்கரையில் அணுமின் நிலையத்து வேலையை விட்டுவிட்டு டிரங்குப் பெட்டியோடு வந்து நின்ற நாளை நினைத்துக்கொள்கிறேன். அங்கே யாரோடாவது சண்டையா என்று கேட்டதற்கு இல்லை என்றாய். காப்பி ஆறிப்போகிற வரைக்கும் பேசினாய்.

"அக்கா, குண்டு செய்யறவங்க இருக்காங்க. அதுக்குக் கையெழுத்துப் போடறவங்களும் இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுல உக்காந்து, 'ஏனுங்க, இது எதுக்குங்க, தப்பாப் போனா யாருங்க பொறுப்பு'ன்னு, வெவரம் படிச்சுட்டுக் கேக்கறதுக்கு ஆளில்ல. அந்த ஆளுங்கள நாமதான் வளத்தோணும்."

"ஏஞ்சாமி, இந்த மலையில காப்பி வெளையும், ஆரஞ்சு வெளையும். இது என்ன பயிருடா?"

"இது மெதுவா வர்ற பயிருக்கா. இன்னிக்கு வர்றவங்க பெரிய நாற்காலில உக்கார இருவது வருசமாவும். அதுக்குள்ள வேர் புடிச்சிருக்கோணும்."

அப்படித்தான் அப்பா கட்டிய வீட்டில் மே வகுப்பு ஆரம்பித்தது. பத்து நாள். ஒப்பந்தங்களை வரி வரியாகப் படிப்பார்கள். உலை எப்படி ஓடுகிறது, கதிர்வீச்சு எங்கே போகிறது, ஆணை யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று நீ கரும்பலகையில் படம் போடுவாய். எனக்குப் பள்ளிக்கூட லீவு. சமையல் என் பாடு. ஒன்பதாம் நாள் மட்டும் எனக்கு வேறு ஒரு வேலையும் கொடுத்தாய். அந்த வேலையில்தான் நான் தவறினேன்.

தெரியாதவர்கள் படிப்பார்கள், அதனால் அந்த வேலை எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குத் தெரிந்த கதைதான், பொறுத்துக்கொள்.

அப்பா கல்குழியில் வெடி வைக்கிறவராக இருந்தார். தலைச்சோலைக்குப் போகிற சரிவில் குழி. அதற்குக் கீழே ஒற்றையடிப் பாதை. ஊர்ப் பெண்கள் அந்த வழியாகத்தான் எஸ்டேட்டுக்குப் போய் வருவார்கள். திரி கொளுத்துவதற்கு முன்னால் கீழே பாதையின் எஸ்டேட் முனையில் காளியப்பன் சிவப்புத் துணியோடு நின்று, கடந்து போகிறவர்களைப் பார்த்துக்கொள்வார். அவர் மலைக்காரர், சாமை விதைக்கிறவர். அப்பா மேலிருந்து சரியா என்று கேட்கமாட்டார். "கடைசியா போனது யாருங்கோ?" என்று கூவுவார். கீழேயிருந்து ஒரு பெயர் வரவேண்டும். பெயர் வந்தால்தான் தீக்குச்சி உரசுவார்.

"சரீன்னு தூக்கத்துலகூடச் சொல்லிப்போடலாம் கண்ணு. பேரு சொல்லோணும்னா பாத்திருக்கோணும்" என்பார். அந்தக் குழிக்கே அவர் போட்ட சட்டம் அது. மற்ற குழிக்காரர்கள் கேலி செய்தார்கள். அவர் கேட்கவில்லை.

அந்த நேரத்துக்குத் தினமும் கடைசியாகப் போகிறவள் தெய்வானை. கைக்குழந்தைக்காரி. பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டு எல்லாருக்கும் பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போவாள். ஆக, தினமும் ஒரே பெயர். "தெய்வானை போயிருச்சுங்கோ." அப்பா கொளுத்துவார். மலை ஒரு தடவை அதிரும். நம் வீட்டு அடுக்களையில் டம்ளர் குலுங்கும்.

ஒரு நாள் அவளுடைய குழந்தைக்குக் காய்ச்சல். தாமதமாகக் கிளம்பியிருக்கிறாள். "கடைசியா போனது யாருங்கோ?" என்று அப்பா கேட்டார். "தெய்வானை போயிருச்சுங்கோ" என்று பதில் வந்தது. அவர் கொளுத்தினார். தெய்வானை அப்போதுதான் ஊர்ப் பக்கத்திலிருந்து குழிக்கு நேர் கீழே வந்துகொண்டிருந்தாள்.

நீ அப்போது பள்ளிக்கூடச் சிறுவன். அப்பா அதற்குப் பிறகு குழிப்பக்கமே போகவில்லை என்பது உனக்கு நினைவிருக்கும். காளியப்பன் நம் வாசலில் வந்து உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டது நினைவிருக்கிறதா? "தெனமும் போவாளுங்க. அன்னிக்கும் போயிருப்பான்னு நெனச்சுட்டனுங்க" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பார்க்கவில்லை என்றால் பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாமே என்று அப்பா கேட்டார். அதற்கு அந்த மனிதர் சொன்ன பதில் இதுதான். "பேரு சொல்லுன்னுதானுங்களே சொல்லிருந்தீங்க. பாக்கலைன்னு சொல்றதுக்கு எடம் எங்கீங்க இருந்துச்சு?"

அந்தப் பதிலை நான் மறந்துவிட்டேன். நீயும் மறந்துவிட்டாய். அப்பாவின் கேள்வியை மட்டும் எடுத்துக்கொண்டாய்.

ஒன்பதாம் நாள் விளையாட்டை நீ அதன்மேல்தான் கட்டினாய். பிள்ளைகள் இரண்டு அறையில் உட்காருவார்கள். வடக்கு அறை ஒரு நாடு, தெற்கு அறை ஒரு நாடு. நீ ஒவ்வொரு கடிதமாக உள்ளே அனுப்புவாய். எல்லையில் இது நடந்தது, ராடாரில் அது தெரிந்தது என்று. கடைசியில் இரண்டு அறையிலும் மேசைமேல் ஒரு சிவப்புத் தாள் இருக்கும். அதில் எல்லாரும் கையெழுத்துப் போட்டால் குண்டு கிளம்பியதாக அர்த்தம். ஆனால் போடுவதற்கு முன்னால் என்னைக் கூப்பிட்டு, "டீச்சர், கடைசியா போனது யாருங்க?" என்று கேட்க வேண்டும். நான் நடந்து வாசல் கேட்டுக்குப் போய், ரோட்டில் கடைசியாக யார் போனார் என்று கண்ணால் பார்த்து வந்து பெயர் சொல்ல வேண்டும். வெளியே நடமாடுகிற ஓர் உயிரின் பெயரையாவது தெரிந்துகொண்டுதான் பேனாவைத் தொட வேண்டும் என்பது உன் சட்டம்.

முதல் மூன்று வருடம் போனேன், சாமி. சத்தியமாகப் போனேன். மழையில் முக்காடு போட்டுக்கொண்டு போயிருக்கிறேன். நான் போய்த் திரும்புகிற நேரத்தில் உள்ளே யாராவது ஒருத்தர் மனம் மாறிவிடுவார்கள். தாள் அப்படியே கிடக்கும். நீ மாலையில் அதை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு குழந்தை மாதிரி சிரிப்பாய்.

நாலாவது வருடம் முழங்கால் பிடித்துக்கொண்டது. கேட்டுக்குப் போகிற படியை நினைத்தாலே வலிக்கும். அடுப்பில் குழம்பு வேறு. அந்த நேரத்துக்கு, பதினோரு மணிக்கு, பால்கார முருகேசன்தான் காலிக் கேனோடு ஒண்டிக்கடைப் பக்கம் இறங்குவான். மூன்று வருடமும் அவன் பெயரைத்தான் சொல்லியிருந்தேன். போய்ப் பார்த்தால்தான் என்ன, அவன்தானே வரப்போகிறான்? அதனால் அடுக்களையிலேயே நின்று குழம்பைக் கிண்டிவிட்டு, போய் வருகிற நேரம் ஆனதும் மூச்சு வாங்குகிற மாதிரி வந்து, "முருகேசன்" என்று சொன்னேன்.

ஆமாம், கண்ணு. நாலாவது வருடத்திலிருந்து நான் ஒரு தடவைகூடக் கேட்டுக்குப் போகவில்லை. நீ இருந்தபோதும் போகவில்லை, நீ போன பிறகும் போகவில்லை. மூச்சு வாங்குகிற மாதிரி நடித்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. பரீட்சையில் எட்டிப் பார்த்து எழுதுகிற பிள்ளைகள் எத்தனை பேரை வெயிலில் நிற்க வைத்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது என் விஷயத்தில் சரியாகப் போயிற்று.

உனக்குத் தெரியுமா? ஒரு வருடம் காலையிலிருந்து நல்ல மழை. நான் வந்து பெயர் சொன்னேன். நீ என் காலைப் பார்த்தாய். செருப்பு காய்ந்திருந்தது. ஒன்றும் கேட்காமல் திரும்பிக்கொண்டாய். அக்காவின் முழங்காலுக்காக விட்டுவிட்டாயா, இல்லை நிஜமாகவே கவனிக்கவில்லையா? இதை உன்னிடம் கேட்டிருக்க வேண்டும். கேட்டிருந்தால் நானும் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும்.

இந்த வருடத்துக்கு வருகிறேன். வெடித்த செய்தி வந்து இரண்டு நாள் கழித்து விளையாட்டு. ஜிலேபியின் இனிப்பு இன்னும் அவர்கள் நாக்கில் இருந்தது. "இனிமே இந்தக் கேட்டுக்குப் போற சடங்கெல்லாம் எதுக்குங்க டீச்சர்?" என்று ஜிலேபி வாங்கி வந்தவனே கேட்டான். சட்டம் என்றால் சட்டம், பேசாமல் உட்கார் என்று அவனை அதட்டினேன். எவ்வளவு யோக்கியம் பார் நான்.

அன்றைக்குச் சேர்வராயன் கோயில் திருவிழா. மலைக்காரர்கள் ஒருத்தரும் வேலைக்குப் போகமாட்டார்கள், உனக்குத் தெரியாததா. விடிந்ததிலிருந்து மேலே மேளம் கேட்டுக்கொண்டே இருந்தது. முருகேசனும் குடும்பத்தோடு கோயிலுக்குப் போய்விட்டான். பால் வரவில்லை. பன்னிரண்டு பேருக்கும் நானே கருப்பட்டி போட்டுக் கடுங்காப்பி ஆற்றிக் கொடுத்தேன். "இன்னிக்கு முருகேசன் வரமாட்டான், இதுதான்" என்று என் வாயாலேயே சொன்னேன்.

பதினோரு மணிக்கு வடக்கு அறையில் கூப்பிட்டார்கள். நான் அடுக்களைக்குப் போனேன், ரசத்துக்குத் தாளித்தேன், திரும்பி வந்தேன். "முருகேசன்" என்றேன். பேனா ஒவ்வொரு கையாகச் சுற்றி வந்தது. ஆறு கையெழுத்து. தெற்கு அறையில் கூப்பிட்டார்கள். அங்கேயும் அதே பெயர், அங்கேயும் ஆறு கையெழுத்து.

இத்தனை வருடத்தில் இரண்டு தாளிலும் எல்லாக் கையெழுத்தும் விழுந்தது இதுதான் முதல் தடவை. இரண்டு தாளையும் கையில் வைத்துக்கொண்டு கூடத்தில் நின்றேன். மேலே மேளம் நிற்கவில்லை. அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை, சாமி. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ரத்தம் சூடு என்று அவர்களைத்தான் திட்டிக்கொண்டேன்.

சாப்பாடு முடிந்ததும் தமிழரசி அடுக்களைக்கு வந்தாள். ஆத்தூர்ப் பக்கத்துப் பெண், சட்டம் படித்தவள். அவர்களில் அவள்தான் கெட்டிக்காரி. டெல்லியில் ஓர் அலுவலகத்தில் வேலை கிடைத்திருந்தது. ஆணை எந்த வழியாகப் போக வேண்டும், யார் யார் சரிபார்க்க வேண்டும் என்று விதி எழுதுகிற இடம். நீ இருபது வருடம் ஆகும் என்று சொன்ன அந்த இடத்துக்குப் பக்கத்தில் நம் பிள்ளை ஒருத்தி முதல் தடவையாகப் போகிறாள். வகுப்பை நன்றாக முடித்தாள் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கடிதம் தர வேண்டும். அது இல்லாமல் அவர்கள் சேர்க்கமாட்டார்கள்.

கழுவிய தட்டுகளைத் துடைத்துக்கொண்டே கேட்டாள். "ஏனுங்க டீச்சர், காலைல கடுங்காப்பிதானுங்களே குடுத்தீங்க?"

என் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். நான் அதை ஒன்பது பத்து வருடமாக மறைத்திருக்கிறேன். அவள் ஒரு டம்ளர் காப்பியை வைத்து எடுத்துவிட்டாள்.

"ஆமா" என்றேன். "நான் கேட்டுக்குப் போகல கண்ணு. நொம்ப வருசமாப் போறதில்ல."

"தெரியும்ங்க."

"தெரிஞ்சா அப்புறம் எதுக்குடி கையெழுத்துப் போட்ட?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். "பேரு வந்துருச்சுங்களே டீச்சர். பேரு வந்தாப் போடறதுன்னுதானுங்களே சட்டம். யாராச்சும் எந்திரிச்சுச் சொல்லுவாங்கன்னு பாத்துட்டே இருந்தனுங்க. அவங்களும் அப்படித்தான் பாத்துட்டு இருந்தாங்களாட்ட இருக்குது."

பன்னிரண்டு பேரும் கடுங்காப்பி குடித்தவர்கள், சகாயம். யாரும் கேட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. நாக்கிலேயே தெரிந்திருந்தது. அப்படியிருந்தும் போட்டார்கள்.

அவள் கடிதத்தில் நான் கையெழுத்துப் போடவில்லை. பிறகு பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டேன். அவள் அழவில்லை. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அந்த இரவு காளியப்பனின் குரல் ஞாபகம் வந்தது. பார்க்கவில்லை என்று சொல்ல இடம் எங்கே இருந்தது? ஒரு பெண்ணின் உயிரைக் கொடுத்து நம் வீட்டு வாசலில் வந்து அந்த மனிதர் சொல்லிவிட்டுப் போன பாடம். அதை விட்டுவிட்டு, அவரைத் தவறவைத்த கேள்வியை மட்டும் வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தோம். நானோ இன்னும் ஒரு படி மேலே போய் காளியப்பனாகவே ஆகிவிட்டேன்.

மறுநாளிலிருந்து பழைய பிள்ளைகளுக்கெல்லாம் எழுத ஆரம்பித்தேன். விலாசம் கிடைத்த அத்தனை பேருக்கும். நாலாவது வருடம் முதல் நான் சொன்ன பெயர் எதுவும் பார்த்துச் சொன்னது இல்லை, அதை நம்பி நீங்கள் கற்றுக்கொண்டது எதுவாக இருந்தாலும் மறுபடி யோசியுங்கள், என்னை மன்னியுங்கள் என்று. சில பேர் பதில் போட்டார்கள். வயதானவளுக்கு ஆறுதல் சொல்கிற கடிதங்கள். அதெல்லாம் பரவாயில்லை டீச்சர், உங்கள் ரசம் மட்டும் நிஜம் என்று ஒருத்தன் எழுதியிருந்தான். படித்துவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது.

போன வாரம் இன்னொன்று வந்தது. உனக்குச் செல்லமானவன், பெயர் எழுத வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். என்ன வேலை என்று வீட்டில்கூடச் சொல்லக் கூடாத இடத்தில் இருக்கிறான். அவன் எழுதியதை அப்படியே இங்கே வைக்கிறேன்.

"டீச்சர், நீங்கள் கேட்டுக்குப் போவதில்லை என்பது எங்கள் வருடத்திலேயே எல்லாருக்கும் தெரியும். அடுக்களை ஜன்னலில் உங்கள் தலை தெரியும். சாருக்காக நாங்கள் காட்டிக்கொள்ளவில்லை. நீங்கள் மனம் நோக வேண்டாம். வேலைக்கு வந்த பிறகு எனக்கு அந்தப் பழக்கம்தான் உதவியது. இங்கேயும் தினமும் ஒரு கேள்வி போகிறது, ஒரு பதில் வருகிறது. எப்போதும் ஒரே பதில்தான். நேரத்துக்கு வந்துவிடும். யார் போய்ப் பார்த்தார்கள் என்று நான் கேட்டதில்லை. இங்கே யாரும் கேட்பதில்லை."

நாலு தடவை படித்தேன். அவன் நல்ல பிள்ளை. பொய் சொல்லத் தெரியாதவன். நம் வீட்டில் பத்து நாள் சோறு தின்று, நம்மிடம் கற்றுக்கொண்டு போனான். எனக்குப் பயமாக இருக்கிறது, சகாயம். நீ வளர்த்த பயிர் வேர் பிடித்துவிட்டது. என்ன பயிர் என்று இப்போதுதான் தெரிகிறது.

இன்று காலையில் தமிழரசி வந்தாள். வேலையில் சேர இன்னும் நாலு நாள்தான் இருக்கிறது. பெட்டியோடு வந்து கூடத்தில் நின்றாள். கேட்கவும் இல்லை, கெஞ்சவும் இல்லை. வெளியே பனி இறங்கி, ஜன்னலுக்கு அப்பால் காப்பிச் செடிகூடத் தெரியவில்லை.

"கேட்டுக்குப் போ. கடைசியா போனது யாருன்னு பாத்துட்டு வா" என்றேன்.

போனாள். நான் கதவோரம் நின்று பார்த்தேன். பத்தடிக்குள் அவளைப் பனி மூடிவிட்டது. நெடுநேரம் ஆயிற்று. வரும்போது தலை, புடவை எல்லாம் நனைந்திருந்தது.

"யாரு போனது?"

"தெரியலீங்க டீச்சர்."

"யாரும் போகலையா?"

"அதுவும் தெரியலீங்க. ஒரு சத்தம் கேட்டுதுங்க, காலடியாட்ட. போய் நின்னு பாத்தனுங்க, பனியில ஒண்ணும் தெரியல. பாக்க முடியலீங்க டீச்சர்."

முருகேசன் என்று சொல்லியிருந்தால் நான் நம்பியிருப்பேன் என்று அவளுக்கும் தெரியும். அந்த வேலைக்காக எத்தனை ராத்திரி கண் விழித்துப் படித்தவள். கடிதத்தை எடுத்து மேசையில் வைத்துக் கையெழுத்துப் போட்டேன்.

"இதையே அங்கேயும் சொல்லோணும் கண்ணு. பாக்கலைன்னா பாக்கலைன்னு. அதுக்கு எடம் இல்லேன்னு சொல்லுவாங்க. எடம் பண்ணிட்டு அப்புறமா விதி எழுது."

"சொல்றனுங்க" என்றாள். பெட்டியை எடுத்துக்கொண்டு, "கேப்பாங்களாங்க டீச்சர்?" என்றாள். நான் கடிதத்தை மடித்து அவள் கையில் கொடுத்தேன்.

பதினோரு மணி பஸ்ஸுக்கு அவளை ஒண்டிக்கடைக்கு அனுப்பினேன். அடிவாரம் இறங்கியதும் போன் செய்ய வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அங்கே பஸ் நிற்கிற இடத்திலேயே பூத் இருக்கிறது. செய்கிறேன் என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள்.

மணி ஒன்று ஆயிற்று. போன் வரவில்லை. முழங்காலைத் தூக்கி வைத்து நானே ஒண்டிக்கடைக்கு நடந்தேன். பனி இன்னும் விலகவில்லை. எதிரே வந்த லாரியின் விளக்கு பக்கத்தில் வந்த பிறகுதான் தெரிந்தது. பஸ் நிற்கிற இடத்தில் பெட்டிக்கடைக்காரரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, பதினோரு மணி பஸ் எறங்கிருச்சுங்களா?"

"எறங்கிருக்கும்ங்க டீச்சர்."

"பாத்தீங்களா?"

அவர் வெற்றிலையை மடித்துக்கொண்டே என்னை ஒரு மாதிரி பார்த்தார். "தெனமும் எறங்கறதுதானுங்களே."

வீட்டுக்கு வந்து போனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவள் அடிவாரம் போய்ச் சேர்ந்திருப்பாள் என்றுதான் எல்லாரும் சொல்கிறார்கள். நானும் உனக்கு அப்படியே எழுதி முடித்திருக்கலாம். எழுதமாட்டேன், சாமி. எனக்குத் தெரியவில்லை. நான் பார்க்கவில்லை.

அடுத்த மே வகுப்பு நடக்கும். கரும்பலகையின் முதல் வரியில் காளியப்பனின் பதிலை எழுதிப்போடுவேன். ஒன்பதாம் நாள் காலையில் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டிலேயே உட்காருவேன். அதுவரை, இந்தப் போன் அடிக்கிற வரை, கேட்கிறவர் யாராக இருந்தாலும், அவள் போய்ச் சேர்ந்துவிட்டாள் என்று என் வாயால் சொல்லமாட்டேன். இது உனக்கு நான் தருகிற வாக்கு.

காய்ந்த செருப்போடு உன் முன்னால் நின்றவள்,
உன் கூடப்பிறந்த அக்கா,
லூர்து